ஒரு பக்கம், ஒரு நிமிடம்: எளிய மடிக்கணினியில் திரைக்கதை

திரைக்கதைத் தாள் நேரத்தை அளக்கும் ஒரு கருவி. வசனத்துக்கு இருபுறமும் விடப்படும் வெற்றிடம், நடுவில் தனித்து நிற்கும் பெயர், ஒரே பாணியில் திரும்பத் திரும்ப வரும் காட்சித் தலைப்பு எல்லாம் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. படம் எத்தனை நிமிடம் ஓடும், எத்தனை நாள் படப்பிடிப்பு நடக்கும் என்பதைக் கேமராவை எடுக்கும் முன்பே கணித்தாக வேண்டும். தட்டச்சுப்பொறிக் காலத்தில் அமெரிக்க ஸ்டூடியோக்களில் மெல்ல மெல்ல உறுதிப்பட்ட இந்த முறைக்கு மூலப்பொருள் எழுத்தும் வெற்றிடமும்தான். ஆகவே வீடியோ எடிட்டிங் மென்பொருளைத் திறந்தாலே திணறும் மலிவான மடிக்கணினிகூட முழுநீளத் திரைக்கதையைச் சிரமமில்லாமல் தாங்கும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் கட்டாயமில்லை. தமிழில் எழுதுவோருக்குச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்த அளவீடு முழுவதும் ஆங்கில எழுத்தின் அகலத்தை நம்பிக் கட்டப்பட்டது.

அந்த ஆங்கில எழுத்துருவின் பெயர் கூரியர். ஐபிஎம் தட்டச்சுப்பொறிகளுக்காக ஹோவர்ட் கெட்லர் 1950களில் வடிவமைத்தது. ஒல்லியான 'ஐ'யும் அகலமான 'டபிள்யூ'வும் இதில் ஒரே இடத்தை அடைத்துக்கொள்ளும். 12 புள்ளி அளவில் ஒவ்வொரு எழுத்தின் அகலமும் 7.2 புள்ளி, ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி என்பதால் அங்குலத்துக்குச் சரியாக 10 எழுத்து. கீழ்நோக்கி அங்குலத்துக்கு 6 வரி. இடப்பக்க ஓரம் 1.5 அங்குலம், துளையிட்டுக் கோப்பதற்காக அந்தக் கூடுதல் அரை அங்குலம். மற்ற மூன்று பக்கங்களிலும் 1 அங்குலம். வசனம் தாளின் இடது விளிம்பிலிருந்து 2.5 அங்குலத்தில் தொடங்கி ஏறத்தாழ 35 எழுத்து அகலத்துக்குள் அடங்கும். பேசுபவரின் பெயர் 3.7 அங்குலத்தில் நிற்கும். பேசும் விதத்தைச் சொல்லும் அடைப்புக்குறிக் குறிப்பு 3.1 அங்குலத்தில்.

இப்படி அடைத்த ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம் ஓடும் என்பது தொழிலில் நிலைத்த கணக்கு. ஒவ்வொரு பக்கத்துக்கும் இது பொருந்தாது. 'இருவரும் மோதுகிறார்கள்' என்ற ஒற்றை வரி மூன்று நிமிடச் சண்டையாகலாம். பக்கம் நிறையப் படபடவென்று வரும் சொல்லடி முக்கால் நிமிடத்தில் முடிந்துபோகலாம். நூறு பக்கத்துக்கு மேல் போகும்போது ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்பதே நம்பிக்கை. அந்த நம்பிக்கை தாளின் அளவையும் சார்ந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்கர்கள் பயன்படுத்தும் லெட்டர் தாளின் உயரம் 279 மில்லிமீட்டர். இந்தியக் கடைகளில் கிடைக்கும் ஏ4 தாளின் உயரம் 297. அகலத்தை அதே 6 அங்குலமாக வைத்துக்கொண்டாலும் லெட்டரில் 54 வரி பிடிக்கும் இடத்தில் ஏ4-இல் 58 வரி பிடிக்கும். 120 பக்கத் திரைக்கதை தாளை மாற்றிய ஒரே காரணத்தால் 112 பக்கமாகச் சுருங்கிவிடும். ஒரு வார்த்தையையும் வெட்டாமல் எட்டு நிமிடம் காணாமல் போகிறது.

காட்சித் தலைப்புக்கு இன்னொரு வேலை. உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்ற மூன்று தகவல்களை ஒரே வரியில் அது சொல்கிறது. மூன்றும் பணம் சம்பந்தப்பட்டவை. உள் என்றால் விளக்குகள். வெளி என்றால் வெயிலும் மழையும் வேடிக்கை பார்க்கும் கூட்டமும். இரவுக் காட்சி என்றால் யூனிட்டின் தூக்கமும் சம்பளமும் மாறும். உதவி இயக்குநர் தலைப்புகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒரே இடத்தில் நடக்கும் காட்சிகளைச் சேர்த்து ஷெட்யூல் போடுவார். காட்சியின் நீளத்தைக் குறிக்க ஹாலிவுட்டில் பக்கத்தை எட்டாகப் பிரிக்கும் வழக்கம் உண்டு. இரண்டே வரிக் காட்சியும் குறைந்தது எட்டில் ஒரு பங்காக எண்ணப்படும்.

தமிழ்த் திரையுலகம் நெடுநாள் வேறு வழியில் போனது. ஒன்லைன் எழுதி, சீன் பிரித்து, தாளை நெடுக்கில் இரண்டாகப் பகுத்து, இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமுமாக எழுதுவது இங்கே பழகிய முறை. ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனியே வேலை பார்ப்பவர்களுக்கு அது வசதி. கணினியில் அது தலைவலி. இரண்டு பத்தியை அட்டவணையாகப் போட்டால் நடுவில் ஒரு வரி சேர்த்ததும் கீழே உள்ளதெல்லாம் இடம் பெயரும். ஒரு கட்டம் பக்க எல்லையில் அறுந்துவிடும். எழுதித் திருத்திக்கொண்டே இருப்பவருக்கு ஒற்றைப் பத்தி ஹாலிவுட் வடிவமே சுலபம். படப்பிடிப்புக்கு முன் கடைசிப் பிரதியை வேண்டுமானால் இரட்டைப் பத்திக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கணினியின் தேவைக்கு வந்தால், கணக்கு மிகச் சிறியது. யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'கொ' என்பது 'க'வும் 'ொ' குறியும் சேர்ந்தது என்பதால் 6 பைட். இப்படி மும்மடங்கு எடுத்தாலும் 25,000 சொல் கொண்ட தமிழ்த் திரைக்கதை வெறும் எழுத்தாக ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பெரும்பாலும் அதைவிடப் பெரியது. 4 ஜிபி நினைவகம் போதும். நினைவகத்தைத் தின்பது திரைக்கதை இல்லை, பக்கத்தில் திறந்து கிடக்கும் பிரவுசர் தாவல்கள்தான். பழைய கணினி விண்டோஸில் ஊர்ந்தால் லுபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போன்ற இலகுவான இயங்குதளங்கள் அதற்கு மறுவாழ்வு தரும். தமிழ்நாட்டில் இது புதிய செய்தியும் இல்லை. 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அப்படி வாங்கி அலமாரியில் தூங்கும் கணினிகூட எழுத்து வேலைக்குப் பயன்படும். பணம் செலவழிக்க ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அது விசைப்பலகை. நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தட்டப்போகும் விரலுக்கு நினைவகத்தைவிட அது முக்கியம்.

இலவச மென்பொருள்களில் எல்லோர் கைக்கும் எட்டுவது லிப்ரே ஆபீஸ் ரைட்டர். இதில் திரைக்கதை எழுதும்போது பெரும்பாலோர் செய்வது ஸ்பேஸ் விசையைத் தட்டித் தட்டிப் பெயரை நடுவுக்குக் கொண்டுவருவது. முப்பதாவது பக்கத்தில் எழுத்துருவை மாற்றினால் அத்தனையும் கலைந்துவிடும். சரியான வழி பத்திப் பாணிகள். எஃப்11 விசையைத் தட்டினால் வரும் பட்டியலில் காட்சித் தலைப்பு, செயல், பெயர், குறிப்பு, வசனம் என்று ஐந்து பாணிகளை உருவாக்கிக்கொள்ளலாம். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். பக்கத்தின் இடது ஓரம் 1.5 அங்குலம், எழுதும் பரப்பு 6 அங்குலம் என்றால் வசனத்துக்கு இடப்புறம் 1 அங்குலமும் வலப்புறம் 1.5 அங்குலமும் உள்தள்ளல். பெயருக்கு 2.2, குறிப்புக்கு 1.6. ஒவ்வொரு பாணிக்கும் 'அடுத்த பாணி' எது என்று சொல்லி வைக்கும் வசதியும் உண்டு. தலைப்புக்குப் பின் செயல், பெயருக்குப் பின் வசனம், வசனத்துக்குப் பின் மறுபடி பெயர் என்று அமைத்துவிட்டால் என்டர் விசையைத் தட்டத் தட்ட உரையாடல் தானாகவே இடம் மாறி உட்காரும். தலைப்புக்கும் பெயருக்கும் 'அடுத்த பத்தியோடு சேர்த்து வை' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தின் அடியில் பெயர் மட்டும் அநாதையாக நிற்காது.

இன்னும் இரண்டு அமைப்புகள் தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை. ரைட்டர் ஒவ்வொரு பாணியிலும் மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, சிக்கலான எழுத்தமைப்புக்கு ஒன்று எனத் தனித்தனி எழுத்துரு வைத்திருக்கிறது. தமிழ் இரண்டாவதில் சேரும். முதலாவதில் மட்டும் அளவை மாற்றிவிட்டுத் தமிழ் எழுத்து அசையவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. அடுத்தது பிழைதிருத்தி. தமிழ்ச் சொல்திருத்தி நிறுவப்பட்ட கணினியில் 'வந்துட்டான்', 'போவாதே', 'என்னாங்குற' எல்லாம் சிவப்புக் கோட்டோடு மிரட்டும். வசனப் பாணியின் மொழியை 'ஏதுமில்லை' என்று மாற்றினால் பேச்சுத் தமிழ் நிம்மதியாக நடமாடும். செயல் விவரிப்பில் மட்டும் திருத்தம் தொடரும். காட்சித் தலைப்புப் பாணிக்கு முதல் நிலைத் தலைப்பு என்ற தகுதியையும் கொடுத்துவிட்டால் எஃப்5 தட்டித் திறக்கும் நேவிகேட்டரில் எல்லாக் காட்சிகளும் வரிசையாகத் தெரியும். 42ஆம் காட்சியைப் பிடித்து 17க்கு மேல் இழுத்துவிட்டால் வசனத்தோடு சேர்ந்து முழுக் காட்சியும் இடம்பெயரும்.

திரைக்கதைக்கென்றே உருவான இலவச மென்பொருள்களும் உண்டு. ஆனால் தமிழுக்கு எல்லாம் உதவாது. வேகத்துக்கும் எளிமைக்கும் பெயர்பெற்ற ட்ரெல்பி நெடுங்காலம் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மட்டுமே ஏற்றது. ஒரு காலத்தில் குறும்பட இயக்குநர்கள் பரவலாகப் பயன்படுத்திய செல்டிக்ஸின் இலவசக் கணினிப் பதிப்பு கைவிடப்பட்டு, அது சந்தா கட்டும் இணையச் சேவையாக மாறியது. கிட் சினாரிஸ்ட் வளர்ச்சி நின்று ஸ்டோரி ஆர்க்கிடெக்ட் என்ற புதிய மென்பொருளுக்கு வழிவிட்டது. இந்தியாவில் உருவான ஸ்கிரைட் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. உள்ளேயே ஒலிபெயர்ப்புத் தட்டச்சும் உண்டு. மென்பொருள் எதுவானாலும் அதன் ஆயுள் திரைக்கதையின் ஆயுளைவிடக் குறைவாக இருக்கலாம். பத்தாண்டு கழித்துத் தயாரிப்பாளர் கேட்கும்போது கோப்பு திறக்க வேண்டுமே.

இந்தக் கவலைக்குக் கிடைத்த விடைகளில் உருப்படியானது ஃபவுண்டன். இது மென்பொருள் அன்று, எழுதும் ஒழுங்கு. திரைக்கதையாசிரியர் ஜான் ஆகஸ்ட், இயக்குநர் ஸ்டூ மாஷ்விட்ஸ் ஆகியோரின் முயற்சியில் 2012இல் வெளிவந்தது. சாதாரணக் குறிப்பேட்டுச் செயலியில் வெறும் எழுத்தாக எழுதினால் போதும். அதைத் திரைக்கதை வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள், எது பெயர், எது வசனம் என்பதை வரியின் அமைப்பைப் பார்த்தே ஊகித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில், மேலே வெற்று வரி விட்டு வந்தால் அது பெயர். அதை ஒட்டி வருவது வசனம். உள், வெளி என்பதற்கான ஆங்கிலச் சுருக்கத்தில் தொடங்கினால் தலைப்பு.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. இங்கேதான் ஊகம் சறுக்குகிறது, அதுவும் இரண்டு விதமாக. மென்பொருள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தேடும்படி எழுதப்பட்டிருந்தால் தமிழ்ப் பெயர் எதுவும் அதன் கண்ணில் படாது. வசனம் முழுவதும் செயல் விவரிப்பாகப் பரவிக் கிடக்கும். 'பெரிய எழுத்துக்கு மாற்றிப் பார்; மாறாமல் இருந்தால் பெயர்' என்று எழுதப்பட்டிருந்தால் நிலைமை தலைகீழ். தமிழ் வரி எதுவும் மாறாது என்பதால் இரண்டு வரிச் செயல் விவரிப்பின் முதல் வரிகூடப் பெயராகிவிடும். நல்லவேளையாக, கட்டாயக் குறிகள் ஃபவுண்டனிலேயே உண்டு. வரியின் தொடக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் தலைப்பு, மின்னஞ்சலில் வரும் அட் குறி வைத்தால் பெயர், வியப்புக்குறி வைத்தால் செயல். தமிழ்க் காட்சி ஒன்று இப்படி இருக்கும்:

.காட்சி 14 - உள் - தறிப்பட்டறை - இரவு

!கரண்ட் போகிறது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. இருட்டில் யாரோ தீக்குச்சி உரசும் சத்தம்.

@செல்வி
(தாழ்ந்த குரலில்)
அண்ணே, மொதலாளி வந்துட்டுப் போனாரா?

@பழனிச்சாமி
போன் பண்ணாரு. வரல.

இந்த எழுத்துக் கோப்பு எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் திறக்கும். பேருந்தில் போகும்போது கைப்பேசியில் நான்கு வரி சேர்த்துவிட்டு வீட்டில் மடிக்கணினியில் தொடரலாம். மேக் கணினிக்கு பீட், பிரவுசரிலேயே இயங்கும் ஆஃப்டர்ரைட்டிங், கட்டளை வரியில் இயங்கும் ஸ்கிரீன்பிளெயின் போன்ற இலவசக் கருவிகள் இதைத் திரைக்கதை வடிவத்துக்கு மாற்றித் தரும். முற்றுப்புள்ளியில் தொடங்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுக்க லினக்ஸின் கிரெப் கட்டளை ஒரு நொடியில் போதும். சீன் ஆர்டர் தயார். அதை விரிதாளில் ஒட்டி இடவாரியாக வரிசைப்படுத்தும்போதுதான் எழுதியவரின் ஒழுங்கு வெளிப்படும். 'டீக்கடை', 'டீ கடை', 'தேநீர்க் கடை' என்று மூன்று விதமாக எழுதியிருந்தால் கணினிக்கு அவை மூன்று லொக்கேஷன்.

மாற்றித் தரும் கருவிகளில் தமிழ் இன்னொரு இடத்திலும் அடிபடுகிறது. 'கெ' என்ற எழுத்தில் 'க' முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகின்றன; திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ'வில் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இந்த வடிவமைப்பு வேலையைச் செய்யும் நிரல் இல்லாத கருவி உருவாக்கும் பிடிஎஃப்பில் கொம்பும் காலும் தனித்தனியே சிதறிக் கிடக்கும், அல்லது வெறும் கட்டங்கள் வரும். முழுத் திரைக்கதையையும் எழுதி முடித்தபின் இதைக் கண்டுபிடிப்பதைவிட, 'கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ' வருகிற பத்து வரியை முதல் நாளே பிடிஎஃப் ஆக்கிப் பார்த்துவிடுவது நல்லது. கருவி ஏமாற்றினால் எழுத்தை ரைட்டருக்குள் ஒட்டிப் பாணிகளைப் பொருத்திக்கொள்ளலாம். ரைட்டருக்குத் தமிழ் வடிவமைப்பு அத்துப்படி.

இனி அந்த ஒரு பக்கம், ஒரு நிமிடக் கணக்கு. தமிழில் 'ர' ஒல்லி. 'ணை', 'ஞௌ' எல்லாம் அதைவிடப் பல மடங்கு அகலம். எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் கூரியர் போன்ற எழுத்துரு தமிழின் இயல்புக்கு ஒத்துவராது. விகுதியும் உருபும் ஒட்டிக்கொண்டு சொற்கள் நீள்வதால் 3.5 அங்குல வசனப் பத்தியில் வரிக்கு இரண்டு மூன்று சொல்லே பிடிக்கும். மேலே 'கி'யின் விசிறியும் கீழே 'கூ'வின் சுழியும் இடம் கேட்பதால் வரிகளுக்கு நடுவே அதிக இடைவெளி வேண்டும். வரி உயரத்தை 12 புள்ளியென்று கறாராக நிர்ணயித்தால் சில எழுத்துருக்களில் தலையும் காலும் வெட்டுப்படும். ஆக, ஆங்கில அளவுகளை அப்படியே எடுத்துத் தமிழைக் கொட்டினால் பக்கம் பெருகும். அந்தப் பெருக்கத்தைப் படத்தின் நீளம் என்று நினைப்பது தவறு.

இதற்குத் தீர்வு அளந்து பார்ப்பதே. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் இலவச எழுத்துருவை 11 அல்லது 12 புள்ளியில் தேர்ந்தெடுத்து, வசனப் பத்தியை 4 அங்குலத்துக்கு விரித்து, தாளை ஏ4 என்று உறுதிசெய்துகொண்டு, வசனம் மிகுந்தவை, செயல் மிகுந்தவை, கலந்தவை என்று பலதரப்பட்ட பத்துப் பக்கங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டு, வசனத்தை நடிக்கும் வேகத்தில் உரக்கப் படித்து, செயல்களை மனத்தில் ஓடவிட்டு நேரம் குறிக்கலாம். பத்துப் பக்கம் 7 நிமிடத்தில் முடிந்தால் அந்த அமைப்பில் பக்கத்துக்கு 0.7 நிமிடம். 180 பக்கத் திரைக்கதை 126 நிமிடப் படம். எழுத்துரு, அளவு, ஓரங்கள் எதையும் அதன்பின் மாற்றாதவரை இந்த எண் கடைசிவரை உதவும். வரி இடைவெளியைச் சற்றே கூட்டியோ குறைத்தோ ஒரு பக்கத்தை ஒரு நிமிடத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, அதையே வார்ப்புருவாகச் சேமித்து அடுத்தடுத்த கதைகளுக்கும் பயன்படுத்தலாம். பாடல்களைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும். 'பாடல் 3' என்ற ஒரு வரி நாலரை நிமிடம் ஓடுவதை எந்தப் பக்கக் கணக்கும் பிடிக்காது.

தட்டச்சில் பழைய மிச்சங்களைத் தவிர்ப்பது நல்லது. பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதிய கோப்பு உண்மையில் ஆங்கிலக் கோப்பு. 'எஃப்' என்ற எழுத்தின் இடத்தில் 'க'வின் படம் வரையப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குப்பை தெரியும். காட்சித் தேடலும் வரிசைப்படுத்தலும் நடக்காது. அப்படி இருக்கும் பழைய திரைக்கதைகளை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவியால் யுனிகோடுக்கு மாற்றிவிடலாம். புதிதாகப் பழகுவோருக்குத் தமிழ்99 பரிந்துரைக்கத்தக்கது. சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் விளைவாக வந்த இந்த விசைப்பலகை அமைப்பு இப்போது விண்டோஸ், லினக்ஸ், கைப்பேசி எல்லாவற்றிலும் கிடைக்கிறது. ஆங்கில ஒலியில் தட்டுவதைவிடக் குறைந்த விசைகள் போதும். நீளமான வசனத்தை எழுதும்போது அந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியும்.

மலிவான மடிக்கணினிகளின் பலவீனம் சேமிப்பகம். பலவற்றில் ஈஎம்எம்சி சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். போர்டு போனால் கோப்பை மீட்பது கடினம். எனவே ஒரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் இருக்க வேண்டும். கூகுள் கணக்கோடு வரும் 15 ஜிபி இலவச இடத்தில் ஓர் ஆயுளுக்கான திரைக்கதைகள் அடங்கும். ரைட்டரில் தானியங்கி மீட்புக்கான இடைவெளியை 10 நிமிடத்திலிருந்து 2 நிமிடமாகக் குறைக்கலாம். ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்கும் முன் கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி சேர்த்துப் புதுப் பிரதி எடுத்தால் கோப்புறையில் அவை தாமாகவே காலவரிசையில் நிற்கும். 'இறுதி', 'புது இறுதி', 'கடைசி இறுதி' என்று பெயரிடும் பழக்கம் இரண்டாவது மாதத்தில் யாரையும் குழப்பிவிடும்.

பிறருக்கு அனுப்புவது எப்போதும் பிடிஎஃப்பாக இருக்கட்டும். ரைட்டர் அதை உருவாக்கும்போது பயன்படுத்திய எழுத்துருவையும் உள்ளே பொதித்துவிடுகிறது. பெறுபவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கம் மாறாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பை அனுப்பினால் அவருடைய கணினி வேறொரு எழுத்துருவை இட்டு நிரப்பும், 110 பக்கம் 123 ஆகும், இருவரும் தொலைபேசியில் 58ஆம் பக்கத்தைப் பற்றிப் பேசும்போது வெவ்வேறு காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படப்பிடிப்பு தொடங்கியபின் திருத்தம் வந்தால் காட்சி எண்களை மாற்றக்கூடாது. 31க்கும் 32க்கும் நடுவே புதுக் காட்சி வந்தால் அது 31அ. நீக்கிய காட்சியின் எண் 'நீக்கப்பட்டது' என்ற குறிப்போடு அங்கேயே இருக்கும். கலை இயக்குநரும் ஒப்பனைக்காரரும் கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநரும் பழைய எண்ணை வைத்தே தங்கள் நோட்டுகளை எழுதியிருப்பார்கள்.